மாப்பிள்ளை வீட்டுக் கோபம்

ஜாம்பிகள் வந்தபோது நான் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூக்கு வரைந்துகொண்டிருந்தேன்.

அதுதான் என் பிழைப்பு. கல்யாண வரவேற்புகளில் ஒரு ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை ஐந்து நிமிஷத்தில் கேலிச்சித்திரமாக வரைந்து கையில் கொடுப்பேன். மற்ற நாட்களில் சேலத்தில் என் அறையில் உட்கார்ந்து, யாரும் அச்சடிக்க முன்வராத காமிக்ஸ் வரைவேன். பெயர் ரேணுகா. பத்து வருஷ அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பெண் வீட்டார் தங்கள் படத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதலில் அதில் உள்குத்து ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

காங்கேயம் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது தங்கநாயகி மகால். பெண் வினோதினி, ஈரோட்டில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறவள். அவளுடைய அம்மா ருக்குமணி, கணவர் போனபிறகு எட்டுத் தறியைத் தனியாளாக ஓட்டி மகளைப் படிக்கவைத்தவர். மாப்பிள்ளை தீபன் நல்ல பையன்தான். என்ன கேட்டாலும் "அப்பா என்ன சொன்னாங்க?" என்று திருப்பிக் கேட்பான். அந்த அப்பா நாச்சிமுத்து. அவர் மூக்கை நான் கொஞ்சம் தாராளமாக வரைந்துவிட்டேன்.

"ஏனம்மணி, இது மூக்கா மம்பட்டியா?" என்றார் அவர்.

அவ்வளவுதான். ருக்குமணி எங்கிருந்தோ ஓடிவந்தார். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்ணா. சின்னப்புள்ள, தெரியாம வரைஞ்சுபோட்டுது." எனக்கு முப்பத்துநாலு வயது. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தேன். சம்பந்திகளுக்கு நடுவே வாயைத் திறக்கக்கூடாது என்பது தொழில் தர்மம்.

அந்த நேரத்தில்தான் வெளியே கார் நிறுத்துமிடத்தில் இரண்டு டிரைவர்களுக்குள் சண்டை மூண்டது. ஒருவர் பெண் வீட்டு வண்டி, இன்னொருவர் மாப்பிள்ளை வீட்டு வண்டி. யார் வண்டியை யார் மறித்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள் என்று நாலு நாளாகவே டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். "நம்ம பக்கம் வராதுங்க, இங்க வெயில் சாஸ்தி" என்று சொல்லிவிட்டு எல்லாரும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தோம். தோப்புக்குள்ளிருந்து ஏழெட்டு உருவங்கள் வந்தன. வாசலில் நாதஸ்வரக்காரர்கள் நடுங்கிப்போய் அப்படியே நின்றார்கள். உருவங்கள் அவர்கள் தோளை உரசிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் கடந்துபோய், சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் மேலும் விழுந்தன. அதை நான் வரையவில்லை, விவரிக்கவும் போவதில்லை.

காரை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் போக, கேட்டைப் பூட்டி உள்ளே தங்கியவர்கள் நாற்பத்தொரு பேர். வரவேற்புக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு வினோதினி மேடைப் படியில் உட்கார்ந்து யோசித்தாள்.

"பயந்து நின்னவங்கள ஒண்ணுமே பண்ணலைங்க. சண்டை போட்டவங்ககிட்ட நேராப் போச்சு," என்றாள். "கண்ணு தெரியல, காது கேக்கல. எல்லாம் மோப்பந்தான்."

"மோப்பமா? எதைங்க மோந்து பாக்குது?" என்றார் சமையல் மாஸ்டர் பழனியப்பன்.

"கோவத்தைங்க. கோவம் வந்தா வேர்வைல ஒண்ணு கலக்கும். பயத்துல வர்ற வேர்வை வேற, இது வேற. நமக்கு அந்த வாடை தெரியாது, அதுகளுக்குத் தெரியுது. செத்த மூளைல அது ஒண்ணுதான் மிச்சமிருக்குது போல."

"அப்பக் கோவப்படாம இருந்தா?"

"பக்கத்துல நின்னாக்கூட ஒண்ணும் பண்ணாதுங்க மாஸ்டர்."

நாற்பது பேரும் ஒரே சமயத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம்.

மறுநாள் காலை முகூர்த்தம். ஊர் இருக்கிற இருப்பில் தாலி கட்டுவது அபசகுனம், எல்லாம் அடங்கட்டும் என்று நாச்சிமுத்து தள்ளிவைத்துவிட்டார். வந்த வினை அங்கேதான் ஆரம்பித்தது. தாலி கழுத்தில் ஏறுகிறவரை பெண் வீட்டார் குனிந்தே நிற்கவேண்டும் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். சாதாரணமாக அது ஒரு சாயங்காலம், ஒரு ராத்திரி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். இங்கே எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதல் நாள் மத்தியானமே ரசத்தில் புளி தூக்கல் என்று நாச்சிமுத்து சத்தம் போட்டார். இலையை மடித்துவிட்டு எழுந்தார். பந்தி முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. அரைமணி நேரத்தில் கேட்டில் முப்பது ஜாம்பிகள்.

"பாத்தீங்களா? கோவம் வந்தா நான் மனுசனா இருக்க மாட்டேன்னு சொன்னனில்லீங்க?" என்றார் அவர். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதிலிருந்து நாங்கள் நாற்பது பேரும் அவருடைய மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளும் கமிட்டி ஆகிவிட்டோம். ஜெனரேட்டர் ஓடும் இரண்டு மணி நேரமும் மணமகன் அறை ஏசி அவருக்கு. முதல் இலை அவருக்கு. கடைசியாக மிஞ்சிய நெய் அவருக்கு. சீட்டாட்டத்தில் அவர்தான் ஜெயிக்கவேண்டும், அதுவும் விட்டுக்கொடுத்தது தெரியாமல் ஜெயிக்கவேண்டும். யாராவது ஏதாவது மறுத்துப் பேச வாயெடுத்தால், நெஞ்சைத் தடவிக்கொண்டு "லேசா ஏறுதுங்க" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு உள்ளே இருந்த மரியாதை எந்த மந்திரத்துக்கும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த குழந்தைகள்கூட நின்றுவிடும்.

அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஊரில் அவர் ஒரு சத்தம் போட்டால் வாய்க்காலில் தண்ணீர் வரும், வராத பஸ் வரும் என்று சொல்வார்கள். சத்தம் போடுவதுதான் ஆம்பளை செய்கிற வேலை என்று அவர் நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தானே நினைத்திருந்தோம்.

எனக்குக் கை சும்மா இருக்காது. மிச்சமிருந்த தாள்களின் பின்பக்கத்தில் நடந்ததையெல்லாம் கட்டம் கட்டி வரைந்து, சாப்பாட்டுக் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தினம் ஒரு பக்கம். ஜாம்பி காமிக்ஸ் என்றதும் எல்லாரும் ஆசையாக வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் குறை சொன்னார்கள்.

"என்னம்மணி, நாலு பக்கத்துல ரெண்டே ரெண்டு ஜாம்பிதான் வருது," என்றார் பழனியப்பன் மாஸ்டர்.

"வெளிய நிக்கறதுக்கெல்லாம் ஒரே மூஞ்சிங்க மாஸ்டர். உள்ள இருக்கறதுகளுக்குத்தான் தினம் ஒரு மூஞ்சி. எனக்கு அதை வரையவே நேரம் பத்தல."

நாச்சிமுத்துவும் வந்து பார்த்தார். மூக்கைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். உயிர் முக்கியமா, கலை முக்கியமா?

மூன்றாம் நாள் பொங்கல் குழைந்துவிட்டது என்று அவர் சொல்லப்போக, மாஸ்டர் பதில் பேசாமல் சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெங்காயம் எடுக்கப் போனபோது, அரிசி மூட்டைமேல் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறைக்குப் பின்சுவரில் அன்றைக்கு அறுபது ஜாம்பிகள் கூடிவிட்டன. "அய்யா கோவத்தப் பாருங்க, பின்பக்கம் வரைக்கும் வாடை போயிருக்குது!" என்று எல்லாரும் வியந்தார்கள். நானும்தான் வியந்தேன். அதைப் பெரிய கட்டமாகப் போட்டு வரைந்தேன்.

நாலாம் நாள் பால் பவுடர் தீர்ந்துபோனது. வரக்காபி நாச்சிமுத்துவுக்கு ஆகாது. சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு மளிகைக் கடை, ஷட்டர் பாதி திறந்தபடி. நடுவில் நூறு ஜாம்பிகள். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் இரண்டு பேர் கிளம்பினார்கள். பத்தடி தாண்டுவதற்குள் "நீதாண்டா வேகமா நடக்கற", "நீதாண்டா என்னை இழுத்துட்டு வந்த" என்று ஆரம்பித்துவிட்டது. தலைதெறிக்க ஓடிவந்து கேட்டைச் சாத்தினார்கள்.

யாரிடமும் சொல்லாமல் ருக்குமணி ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாடியிலிருந்து நாங்கள் பார்த்தபோது அவர் சாலை நடுவில் இருந்தார். வழியில் நின்ற ஒன்றை, சந்தைக் கூட்டத்தில் விலக்குவதைப் போல முழங்கையால் விலக்கினார். எதுவும் அவர் பக்கம் திரும்பவில்லை. பால் பவுடர், ரவை, இரண்டு சோப்பு. திரும்பும்போது கடை ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வந்தார்.

வினோதினி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ன கண்ணு, கடைக்குத்தான போனேன்," என்றார் அம்மா.

நாச்சிமுத்து காபியை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "குடும்பத்துப் பொம்பளைன்னா இப்படி இருக்கோணும். மனசுல ஒரு துளி கோவம் இருக்குதா பாருங்க."

மறுநாளிலிருந்து அவருடைய மனைவி சுலோசனாவும் கூடப் போனார். ஒல்லியான, சத்தமில்லாத அம்மா. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் புருஷன் சாப்பிடுவதற்கு முன் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்று அவருடைய உறவுக்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள். இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஆளுக்கொரு கூடையோடு ஜாம்பிகளுக்கு நடுவே ஊர்ப்பழமை பேசிக்கொண்டே நடந்துபோகிற காட்சி என் காமிக்ஸில் முழுப்பக்கம். நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

"பயமா இல்லீங்களா?" என்று நான் சுலோசனாவைக் கேட்டேன்.

"வெளிய போனாத்தான் நிம்மதியா இருக்குது அம்மணி. அதுக நம்மள ஒண்ணும் கேக்கறதில்ல."

"உங்களுக்குக் கோவமே வராதுங்களா?"

"அவருக்கு வருதே, போதாதா? ஒரு ஊட்டுல ரெண்டு பேருக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ரவையைச் சலிக்கப் போய்விட்டார்.

எட்டாம் நாள் மகால் காவலாளியின் ரேடியோவில் அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நால்ரோட்டில் ராணுவ வண்டிகள் நிற்கும். பொதுமக்கள் அமைதியாக நடந்து வரவேண்டும். கோபம் உள்ளவர்கள் கிளம்பவேண்டாம், அவர்களுக்குப் பின்னால் கவச வண்டி அனுப்பப்படும். எப்போது என்று சொல்லவில்லை. நால்ரோடு மூன்று கிலோமீட்டர். எதிர்க்கடையில் சுரண்ட ஒன்றும் மிச்சமில்லை. உள்ளே அரிசி இரண்டு நாளைக்கு.

எல்லாரும் குதித்தோம். நாச்சிமுத்து மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நான் எப்படீங்க வாரது? வழியில ஒருத்தன் இடிச்சாப் போதும், எனக்கு ஏறிப்போச்சுன்னா உங்க எல்லாருக்கும் ஆபத்து. நான் இங்கயே இருந்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா எங்கூட ஒரு ஆள் வேணும். என்னைப் பாத்துக்கறதுக்கு. தங்கச்சி இருக்கட்டும்."

தங்கச்சி என்றால் ருக்குமணி.

"அத்தை இருக்காங்களேங்க மாமா," என்றாள் வினோதினி, மெதுவாக.

"சுலோ பையன்கூடப் போகட்டும். அவளப் பாத்தாலே எனக்குச் சுருக்குன்னு வந்துரும். தங்கச்சின்னா பதமா நடந்துக்கும். சம்பந்தம்னு ஆகிப்போச்சு, இதுகூடச் செய்யலைன்னா அப்பறம் என்னங்க சம்பந்தம்?"

அதாவது, மாட்டேன் என்றால் கல்யாணம் இல்லை. சுற்றி நின்ற நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் பார்த்தேன். கவச வண்டி வராமல் போனால் அந்த அம்மாவின் கதி என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. கையிலிருந்த பென்சிலை இரண்டாக முறித்துவிட்டேன். ஆனால் அவருக்கு ஏறிவிடுமே என்ற பயம் வாயைக் கட்டிப்போட்டது.

தீபன்தான் பேசினான். "ரெண்டு நாள்தானுங்க அத்தை. வண்டி வந்துருமுங்க."

"சரிங்ணா, நான் இருக்கறேன்," என்றார் ருக்குமணி.

"அம்மா, நீங்க வராம நான் போக மாட்டேன்!" என்று வினோதினி எழுந்தாள். ஜன்னல் பக்கமிருந்து தொப், தொப் என்று சத்தம் கேட்டது. கூடத்தில் இருந்த பத்துப் பேர் அவளைச் சூழ்ந்துகொண்டு, "அம்மணி, அடக்கு, அடக்கு! எல்லாரையும் கொன்னுராத!" என்று கெஞ்சினார்கள். அவளைப் பெற்ற தாயை விட்டுவிட்டுப் போகச் சொன்னவரை யாரும் கெஞ்சவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முன்வாசல் கிரில் கேட்டில் பரிசோதனை. இது வினோதினியின் ஏற்பாடு. கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று இருபது எண்ணவேண்டும். வெளியே நிற்கிறதுகள் திரும்பினால் நீ கிளம்பமுடியாது. தீபன் தேறினான். நாதஸ்வரக்காரர்கள் தேறினார்கள். பழனியப்பன் மாஸ்டர் போய் நின்றதும் நாலு ஜாம்பிகள் பாய்ந்து கம்பியைப் பிடித்தன.

"எனக்குங்களா? நான் எப்பங்க கோவப்பட்டேன்?" என்று மனுஷன் திகைத்துப்போனார்.

"பொங்கல் குழைஞ்சுபோச்சுன்னு சொன்ன அன்னையிலிருந்துங்க மாஸ்டர்," என்றேன் நான். சொல்லும்போதே எனக்குள் ஏதோ உறுத்தியது, ஆனால் பிடிபடவில்லை.

வினோதினி நின்றாள். பதினைந்து ஜாம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மகள் கையைப் பிடித்து ருக்குமணி இழுத்துவந்து தூண் ஓரம் நிறுத்தினார். "என்னை நெனச்சுக் கோவப்படாத கண்ணு. நீ அமைதியா இருந்தாத்தான் வண்டிக்குப் போகமுடியும். எனக்காக அடக்கிக்க."

"எப்படீம்மா அடக்கறது? நீங்க எப்படி அடக்கறீங்க, அதையாவது சொல்லிக்குடுங்க!" என்று அவள் பல்லைக் கடித்தாள். மணி ஒன்பதே முக்கால். அம்மாவை விட்டுப் போகவும் முடியாமல், இந்தக் கோபத்தோடு கிளம்பவும் முடியாமல் அந்தப் பெண் தூணில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. பார்க்கப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் ஏசி அறைக் கதவு திறந்தது.

"என்ன நடக்குது இங்க? மணி என்னாவுது, இன்னும் எனக்கு டிபன் வரல! ஒரு மனுசன் உள்ள இருக்கறான்னு நெனப்பிருக்குதா?" நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஏசி நின்று வெகு நேரமாகிவிட்டதால் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ருக்குமணியைப் பார்த்துக் கத்திக்கொண்டே நேராக வந்து, கிரில்லுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். ஒரு முழம்கூட இல்லை.

எல்லாரும் அலறிக்கொண்டு பின்னால் ஓடினோம்.

ஒன்றும் நடக்கவில்லை. ஜாம்பிகள் அவரைத் தாண்டி, தூண் ஓரம் நின்ற வினோதினியைப் பார்த்துத்தான் கை நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் மூக்கு அவர் காதுக்கு நாலு விரல் பக்கத்தில் இருந்தது. அவர் கத்துகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, அது அவரைக் கதவு நிலையைப் போல விட்டுவிட்டுத் தூண் பக்கமே மோப்பம் பிடிக்கிறது.

எங்கள் முகங்களைப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்து சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய் இரண்டடி நகர்ந்துகொண்டார்.

சுலோசனா அடுப்படியிலிருந்து வந்திருந்தார். கையில் கரண்டி. "இன்னொருக்காக் கத்துங்க," என்றார்.

"என்னது?"

"கத்துங்க. ஊட்டுல கத்தற மாதிரி நல்லாக் கத்துங்க."

"ஏப்புள்ள, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? யாருகிட்டப் பேசறன்னு தெரியுதா!" என்று கூரை அதிர ஒரு அதட்டல் போட்டார். வெளியே ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

வினோதினிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை," என்றாள் மெல்ல. "மாமாவுக்குக் கோவம் வரலைங்க. இந்த எட்டு நாள்ல ஒரு தடவைகூட வந்ததில்லைங்க. வர்ற மாதிரி நடிச்சா வேர்வை மணக்காது."

எனக்கு உறுத்தியது அப்போது பிடிபட்டது. அவர் சத்தம் போடும்போதெல்லாம் ஜாம்பிகள் கூடியது வாஸ்தவம். ஆனால் ரசத்துக்கு வந்தவை மாஸ்டருடைய கோபத்துக்கு வந்தவை. நெய்க்கு வந்தவை, நெய் கிடைக்காத பிள்ளையைப் பெற்றவளுடைய கோபத்துக்கு. சீட்டாட்டத்துக்கு வந்தவை, தோற்றுக்கொண்டே இருந்த அத்தனை பேருடைய கோபத்துக்கும். கல்யாண மண்டபத்தில் கோபப்படுகிற உரிமை மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும்தான் என்று நாங்கள் அவ்வளவு உறுதியாக நம்பியிருந்தோம். மற்றவர்களுக்கும் அது வரும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை, எனக்கும்கூட.

"எங்கப்பாவும் இப்படித்தான் சத்தம் போடுவாரு," என்றார் நாச்சிமுத்து. குரல் சின்னதாகிவிட்டது. "சத்தம் போட்டாத்தான் ஊட்டுல காரியம் நடக்குமுன்னு... வேற ஒண்ணுமில்ல சுலோ."

"என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போகவேண்டாமுன்னு தட்டத் தூக்கி எறிஞ்சீங்களே? அதுவும் இதுதானா?"

மடித்துக் கட்டிய வேட்டியை அவர் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"தீபன் வயித்துல இருந்தப்ப, நீங்க கத்துன கத்துல ராத்திரியெல்லாம் குளியலறைக்குள்ள உக்காந்து நடுங்குனனே. அன்னைக்கு உங்களுக்குக் கோவமே இல்லியா? சும்மாவா?" சுலோசனா கரண்டியைக் கீழே வைத்தார். "கோவத்துல பண்ணறாரு, நல்ல மனுசன், கோவந்தான் இப்படிப் பண்ணவைக்குதுன்னு முப்பத்தொரு வருசமா நான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சனே."

முதலில் கிரில்லில் இருந்தவை திரும்பின. பிறகு சாலையில் நின்றவை. பிறகு தோப்புக்குள்ளிருந்து, பக்கத்துத் தோப்புகளிலிருந்து, பந்தி போட்டாச்சு என்று யாரோ கூப்பிட்டது போல வந்துகொண்டே இருந்தன. கம்பி முழுக்கக் கைகள். இரும்பு அதிர்ந்தது. கட்டியவர் நல்லவர், கிரில் தாங்கியது.

"அத்தை, உள்ள வாங்க!" என்று வினோதினி கத்தினாள்.

"நான் எங்கயும் வரல." சுலோசனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கிரில்லைப் பார்த்து உட்கார்ந்தார். பிறகு யோசித்து, "அடுப்படிப் பின்வாசல்ல எத்தன நிக்குதுன்னு பாருங்க" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. வாய்க்கால் ஓரப் பாதை நால்ரோடுவரை வெறிச்சோடிக் கிடந்தது. மாஸ்டர் போகலாம், வினோதினி போகலாம், யார் வேண்டுமானாலும் எவ்வளவு கோபத்தோடு வேண்டுமானாலும் போகலாம்.

"நீ கெளம்பு ருக்கு. புள்ளையக் கூட்டிட்டுப் போ. இது இன்னைக்கு அடங்கற கோவமில்ல," என்றார் சுலோசனா. ருக்குமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாங்கள்தான் பிரித்துக் கூட்டிவந்தோம்.

"அம்மா, நானும் இருக்கறேன்," என்றான் தீபன். சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தான்.

"அங்க பாக்காத. போய் அந்தப் புள்ளைகிட்டயும் அவ அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேளு. கல்யாணமெல்லாம் அது சொல்லற பதில்ல இருக்குது."

நாச்சிமுத்து சத்தமில்லாமல் எங்கள் வரிசையில் வந்து நின்றுகொண்டிருந்தார். சுலோசனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க எங்க போறீங்க? இருங்க. அதுக உங்களைத்தான் ஒண்ணும் பண்ணாதே. அரிசி தீரப்போகுது, அடுத்த ஊருக் கடைக்குப் போயிட்டு வர ஆள் வேணும். கூடை அங்க இருக்குது பாருங்க."

நாங்கள் பின்வாசல் வழியாக வெளியேறும்போது, அவர் ஒயர்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அதை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முகாமில் மூன்று நாள் கழித்து ஒரு கேப்டன் பட்டியலோடு வந்தார். கவச வண்டி மகாலுக்குப் போய் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டதாம். சுற்றிலும் ஆயிரத்துக்கு மேல் நிற்கிறதாம், கிட்டவே நெருங்க முடியவில்லையாம். மாடியிலிருந்து ஒரு அம்மா கையை ஆட்டி, சௌக்கியமாக இருக்கிறோம், பிறகு வாருங்கள் என்று சைகை காட்டினாராம். ஒரு பெரியவர் தலையில் அரிசி மூட்டையோடு அத்தனை கூட்டத்துக்குள்ளும் நடந்துபோவதைப் பார்த்துச் சிப்பாய்கள் அசந்துபோனார்களாம்.

"அந்த அம்மாவுக்கு இன்னுமா கோபம் அடங்கலை?" என்றார் கேப்டன். "மூணு நாளா ஒரு மனுஷிக்கு அப்படி என்ன கோபம்? பெரிசு பண்ணாம கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகலாமில்ல? நீங்க சம்பந்திதானே, வண்டில வந்து மைக்ல நாலு வார்த்தை சொல்லுங்க. சமாதானப்படுத்துங்க."

ருக்குமணி துவைத்துக்கொண்டிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"யாரும் அவங்களுக்கு ஒண்ணும் சொல்லவேண்டாமுங்க. முப்பத்தொரு வருசத்துக் கோவம். எங்கக்கா அதைப் பட்டு முடிக்கற வரைக்கும் உங்க வண்டி நிக்கட்டும்."

முகாம் வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்த ஏழெட்டு ஜாம்பிகளும் அப்போதுதான் முதல்முறையாக ருக்குமணி பக்கம் திரும்பின.